இருந்தாலும்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இன்றைக்கு எது முதல் செய்தி, எந்தக் காட்சி எத்தனை முறை ஓட வேண்டும், தலைப்பில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். தொலைக்காட்சியோ நாளிதழோ இணையத்தளமோ, நாற்காலி ஒன்றுதான். நான் உங்கள் துறைக்காரன் இல்லை. காலையில் பேப்பர், இரவில் அப்பாவோடு உட்கார்ந்து டிவி செய்தி என்று முப்பது வருடமாக உங்களை விடாமல் பார்த்து வருகிறவன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

ஒரு சிசிடிவி காட்சியிலிருந்து தொடங்குகிறேன். மொத்தமே பதினான்கு வினாடி. மாலை வெளிச்சம். தோளில் பை மாட்டிய ஒருவர் தெருவுக்குள் வருகிறார். ஒரு வீட்டு கேட்டுக்கு முன்னால் நிற்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். கேட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். அப்புறம் நடந்து போய்விடுகிறார். அவ்வளவுதான்.

உங்களில் ஒருவர் அதை வாங்கி, அந்த மனிதரின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். எட்டிப் பார்க்கும் இடத்தில் காட்சியை மெதுவாக்கினார். பின்னணியில் நெஞ்சு படபடப்பது போல ஒரு இசை. கீழே கொட்டை எழுத்தில் ‘இவன்தானா அந்தத் திருடன்?’. அந்தத் தெருவில் முந்தைய நாள் ஒரு வீட்டில் திருடு போயிருந்தது உண்மை. அன்று இரவு ஒரு மணி நேரச் செய்தியில் அந்தப் பதினான்கு வினாடியை எத்தனை முறை போடுகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். இருபது வரை எண்ணினேன், அதற்கு மேல் விட்டுவிட்டேன். ஆங்கர் பேசும்போது ஒரு ஓரத்தில், நிருபர் பேசும்போது இன்னொரு ஓரத்தில், விவாதத்தில் நாலு பேர் சத்தம் போடும்போது நடுவில் என்று அது ஓடிக்கொண்டே இருந்தது.

அவரை எங்களுக்குத் தெரியும். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். எங்கள் வீட்டு மெஷினையே இரண்டு முறை பிரித்துச் சரி செய்து கொடுத்திருக்கிறார். அன்று புது வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். கதவு எண் கேட்டில் இல்லை, உள்ளே சுவரில் எழுதியிருந்தது. அதைத்தான் எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் உண்மையான ஆட்கள் பிடிபட்டார்கள். காட்சியில் இருப்பவருக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று காவல்துறை சொன்னது. அது உங்கள் திரையின் அடியில் ஒரே ஒரு வரியாக ஓடிப் போனதைப் பார்த்தேன். அந்த வரியில் சிவப்பு வட்டமும் இல்லை, இசையும் இல்லை, வருத்தமும் இல்லை.

சில மாதம் கழித்து எங்கள் மெஷின் மறுபடி மக்கர் செய்தது. அவரைக் கூப்பிடவா என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அவர் இல்லைன்னு எனக்குத் தெரியும்டா. இருந்தாலும் வேற ஆள் யாராவது கிடைப்பாங்களான்னு பாரேன்.”

அந்த ‘இருந்தாலும்’தான் இந்த மடலுக்குக் காரணம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊடகம் மக்களை மூளைச்சலவை செய்கிறது, பொம்மை மாதிரி ஆட்டி வைக்கிறது என்று புலம்ப நான் வரவில்லை. அப்படிப் புலம்புகிறவர்கள் வழக்கமாக எடுத்து வைக்கும் உதாரணம் 1938 அக்டோபர் 30. செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வருவதாக ஆர்சன் வெல்ஸ் ஒரு வானொலி நாடகத்தைச் செய்தி அறிக்கை போலவே நடத்த, அமெரிக்காவே அலறியடித்துத் தெருவுக்கு ஓடி வந்தது என்பார்கள். அன்று இரவு ஒரு ரேட்டிங் நிறுவனம் சுமார் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று விசாரித்தது. அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் 2 சதவீதம் அளவுக்குத்தான். சிலர் பயந்தது உண்மை. ஆனால் நாடே அலறியது என்ற கதையைக் கட்டியது மறுநாள் காலைப் பத்திரிகைகள். வானொலி அவர்களுடைய விளம்பர வருமானத்தைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆக, ஊடகம் மக்களை எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றும் என்பதற்கு இன்றுவரை சொல்லப்படும் கதையே ஊடகம் ஊதிப் பெருக்கிய கதை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

நாங்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. இவருக்கு ஓட்டுப் போடு, அந்தப் பொருளை வாங்கு என்று நீங்கள் நேராகச் சொன்னால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகத் தெரியும். எங்களைப் பிடிப்பது நீங்கள் சொல்லும் கருத்து கிடையாது. எதை எவ்வளவு பெரிதாக, எத்தனை தடவை காட்டுகிறீர்கள் என்ற அளவுதான். கருத்தைச் சந்தேகப்படப் பழகியிருக்கிறோம். அளவைச் சந்தேகப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் என்னென்ன என்று கேட்டார்கள். அவர்கள் பார்க்கும், படிக்கும் செய்திகளில் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்றும் அளந்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு பட்டியலின் வரிசையும் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒத்துப்போனது. 1972-இல் வெளியான இந்த ஆய்வு இதழியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தரப்படுவதாகக் கேள்விப்படுகிறேன். அப்படியானால் உங்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது. பட்டியல் போடுவது நீங்கள், அதைச் சொந்தக் கவலையாக எடுத்துக்கொண்டு தூங்கப் போவது நாங்கள்.

இந்த அளவு எப்படிப் பிசகுகிறது என்பதை எங்கள் தெருவுக்கும் நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் 1993-க்குப் பிறகு வன்முறைக் குற்ற விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், போன வருடத்தைவிட இந்த வருடம் நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா என்று மக்களைக் கேட்டு வந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆமாம், கூடியிருக்கிறது என்றே சொன்னார்கள். அதே ஆட்களிடம் நீங்கள் வசிக்கும் பகுதியில் எப்படி என்று கேட்டால், கூடியிருக்கிறது என்பவர்கள் குறைந்துவிடுவார்கள். ஏன் அப்படி? வசிக்கும் பகுதியைப் பார்க்க அவரவருக்குக் கண் இருக்கிறது. நாட்டைப் பார்க்க நீங்கள்தான் கண்.

வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 1922-இலேயே இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். 1914-இல் ஒரு கடல் தீவில் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து வாழ்ந்ததை அவர் சொல்கிறார். தபால் கப்பல் அறுபது நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஐரோப்பாவில் போர் மூண்டு ஆறு வாரத்துக்கு மேல் ஆகியும், அங்கே எல்லோரும் பழையபடி நண்பர்களாகவே பழகிக்கொண்டிருந்தார்களாம். கப்பல் வந்த பிறகுதான் தாங்கள் எதிரிகள் என்று அவர்களுக்குத் தெரிந்தது. வெளியே இருக்கும் உலகம் ஒன்று, நம் தலைக்குள் இருக்கும் படம் ஒன்று, நாம் நடந்துகொள்வது தலைக்குள் இருக்கும் படத்துக்கு ஏற்ப என்பது அவர் வாதம். எங்கள் தீவுக்கு இப்போது நிமிடத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. அத்தனை கப்பலிலும் ஒரே சரக்கு.

படம் பிசகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சாரா லிக்டென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் முதலானோர் 1978-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எந்தெந்தக் காரணத்தால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று மக்களை மதிப்பிடச் சொன்னார்கள். விபத்தால் இறப்பவர்களும் நோயால் இறப்பவர்களும் கிட்டத்தட்டச் சமம் என்ற கணக்கில் மக்கள் பதில் சொன்னார்கள். உண்மையில் அன்றைய அமெரிக்காவில் நோயால் இறந்தவர்கள் சுமார் 15 மடங்கு அதிகம். பிறகு பத்திரிகைகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, மக்கள் பிசகிய அதே பக்கத்தில் பத்திரிகைகளும் பிசகியிருந்தன. விபத்துக்கும் கொலைக்கும் பக்கம் பக்கமாக இடம், நோய்க்கு அரை ஓரம். சர்க்கரை நோய்க்கு சிசிடிவி காட்சி கிடையாதே, நீங்களும்தான் பாவம் என்ன செய்வீர்கள்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் நிறையப் பேர் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் நெடுந்தூரம் போனார்கள். கோபுரங்களில் விமானம் மோதும் காட்சியை அத்தனை முறை பார்த்த பிறகு யாருக்குத்தான் ஏறத் தோன்றும்? ஆனால் நெடுஞ்சாலைப் பயணம் விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. இப்படி மாறிப் போனதால், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் மதிப்பிட்டிருக்கிறார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இருந்த மொத்தப் பயணிகளைவிட இது பல மடங்கு. இவர்கள் ஒவ்வொருவராக, வேறு வேறு ஊரில், வேறு வேறு நாளில் இறந்ததால் எந்த நாளும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. தாக்குதலைக் காட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். காட்டியே ஆக வேண்டிய செய்தி அது. முதல் தடவைக்கும் நூறாவது தடவைக்கும் நடுவில் புதிதாக என்ன தெரிந்துகொண்டோம் என்பதுதான் என் கேள்வி.

‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். அந்த அம்மி நாங்கள்தான். 1977-இல் மூன்று உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை அறுபது அறுபதாக வாக்கியங்களைக் கொடுத்து, எது எந்த அளவுக்கு உண்மையாக இருக்கும் என்று கேட்டார்கள். அதில் இருபது வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களின் மேல் நம்பிக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஏறியது. விஷயம் தெரியாதவர்கள்தானே இப்படி ஏமாறுவார்கள் என்று நானும் நினைத்தேன். 2015-இல் வேறொரு குழு அதையும் சோதித்தது. அவர்கள் பயன்படுத்திய வாக்கியங்களில் ஒன்று: ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் புடவை. சரியான பெயர் என்ன என்று தெரிந்தவர்களிடம்கூட, ஒருமுறை இப்படிப்பட்ட வாக்கியத்தைப் படித்த பிறகு, நம்பிக்கை கொஞ்சம் ஏறத்தான் செய்தது. அப்பாவுக்கு அந்த ரிப்பேர்க்காரரைப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

இனி நீங்கள் வெளியிடும் திருத்தத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு செய்வதைவிடத் திருத்துவதில்தான் நீங்கள் அதிகம் கோட்டை விடுகிறீர்கள்.

ஹோலின் ஜான்சன், காலீன் செய்ஃபெர்ட் என்ற இருவர் 1994-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கிடங்கில் தீ விபத்து. அதைப் பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு செய்தியில், தீப்பிடித்த இடத்துக்குப் பக்கத்து அறையில் பெயின்ட் டப்பாக்களும் வாயு சிலிண்டர்களும் இருந்ததாக வரும். பின்னால் வரும் செய்தியில், அது தவறு, அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வரும். படித்து முடித்தவர்களிடம் கேட்டால் திருத்தத்தை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். அறையில் ஒன்றும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். சரி, புகை ஏன் அவ்வளவு கறுப்பாக வந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால், பெயின்ட் எரிந்ததால் என்ற ரீதியில் பதில் வந்தது. அறை காலி என்பதும் தெரியும், பெயின்ட் எரிந்தது என்பதும் மனதில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஒரே தலைக்குள் குடியிருக்கின்றன. எங்கள் வீட்டு ‘இருந்தாலும்’ அச்சாக இதுதான்.

அதே ஆய்வு மருந்தையும் சொல்கிறது. அறை காலி என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், வேறு இடத்தில் யாரோ தீ வைத்ததற்கான பொருட்கள் கிடைத்தன என்று மாற்றுக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னபோது, பெயின்ட் கதை பெருமளவு விலகியது. மனதுக்கு வெற்றிடம் பிடிக்காது. ஒரு கதையைப் பிடுங்கினால் அந்தக் குழியில் இன்னொன்றை நட வேண்டும். ‘சம்பந்தமில்லை என்று காவல்துறை தகவல்’ என்ற உங்கள் ஒற்றை வரி குழியை மட்டும் தோண்டிவிட்டுப் போனது. சம்பந்தமில்லை என்றால் கேட்டுக்கு மேலே எதற்கு எட்டிப் பார்த்தார் என்ற கேள்வி பார்த்தவர்கள் மனதில் அப்படியே நின்றது. அவர் கதவு எண்ணைத் தேடினார் என்ற நாலு வார்த்தையைச் சேர்த்திருந்தால் போதும், கதை முடிந்திருக்கும். உங்கள் நிருபருக்கு அந்தத் தகவல் தெரியாமல் இருக்க வழியில்லை. வரியில் இடம் இல்லை என்பீர்கள். குற்றம் சாட்ட ஒரு மணி நேரம் இருந்தது.

அப்புறம் அந்த ‘இவன்’. உங்கள் திரையில் கடைக்காரர், நடிகர், வழியில் போகிறவர் எல்லோரும் ‘அவர்’தான். சந்தேகம் விழுந்த மறு நிமிடம் ஒருவர் ‘அவன்’ ஆகிவிடுகிறார். நீதிமன்றம் வருடக்கணக்கில் விசாரித்துச் சொல்ல வேண்டிய தீர்ப்பை நீங்கள் விகுதியிலேயே சொல்லிவிடுகிறீர்கள். வார்த்தையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் செய்த சோதனையைச் சொல்லுங்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, ஒரு பிரிவினரிடம் கார்கள் மோதியபோது என்ன வேகத்தில் வந்தன என்றும், இன்னொரு பிரிவினரிடம் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் வந்தன என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘மோதிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள். ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு வினைச்சொல் கண்ணால் பார்க்காததைப் பார்க்க வைக்கும் என்றால், ஒரு ‘ன்’ விகுதி என்னவெல்லாம் செய்யும்?

தலைப்பில் வரும் கேள்விக்குறியைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதே இல்லை. அது வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து வைத்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இதையெல்லாம் கேட்டால் நீங்கள் சொல்லும் இரண்டு பதில்கள் எனக்கு மனப்பாடம். மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள் என்பது முதல் பதில். பார்த்தோம், மறுக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே பார்த்தேன், அப்பா எண்ணாமல் பார்த்தார். ஆனால் ரேட்டிங் மீட்டரில் ஏறுவது பார்த்த நிமிடங்கள் மட்டும்தான். மறுநாள் அந்த ரிப்பேர்க்காரரைக் கூப்பிடாமல் விட்ட வீடுகள் எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை. பார்த்ததை வைத்து ஆசையைக் கணக்குப் போடுகிறீர்கள். சாலையில் விபத்து என்றால் எல்லா வண்டியும் நின்று பார்க்கும். அதற்காகத் தினமும் விபத்து நடக்கட்டும் என்று யாரும் கேட்கவில்லையே.

இரண்டாவது பதில், இப்போதெல்லாம் எங்களை யார் சார் பார்க்கிறார்கள், எல்லாம் வாட்ஸ்அப்தான் என்பது. அந்தக் காட்சி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் முதலில் வந்தது, உண்மை. வலது மூலையில் உங்கள் லோகோவோடு வந்தது. அனுப்பியவரிடம் இதை எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டேன். “நியூஸ்லயே வந்துடுச்சுங்க” என்றார். வதந்திக்கு நீங்கள் போடும் முத்திரைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படலாமா கூடாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முடியாத எதையும் நான் கேட்கவில்லை. ஒரு நகரத்தின் பத்திரிகைகள் செய்து காட்டியிருக்கின்றன. வியன்னாவில் சுரங்க ரயில் 1978-இல் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் அங்கே தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படத்தோடும் விவரத்தோடும் முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தன. 1987-இன் நடுவில் ஆஸ்திரியாவின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. பரபரப்பான தலைப்பு வேண்டாம், எப்படி நடந்தது என்ற விவரம் வேண்டாம், முதல் பக்கம் வேண்டாம் என்ற மாதிரி. பத்திரிகைகள் ஒப்புக்கொண்டன. சில செய்திகளை உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டன, சிலவற்றைப் போடவே இல்லை. அந்த வருடத்தின் முதல் ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தன. பிறகும் பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தன. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் பத்திரிகையை மூடவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் எழுத்தின் அளவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். எத்தனை பேர் உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆசிரியர்களில் யாருக்காவது சிலை வைத்திருந்தால் நான் போய்ப் பார்ப்பேன்.

எனவே கேட்கிறேன். சிசிடிவி காட்சியை ஒரு செய்தியறிக்கையில் ஒருமுறை காட்டுங்கள், புதிதாகத் தகவல் வந்தால் மறுபடி காட்டுங்கள், நடுவில் வேண்டாம். இசையைச் சினிமாவுக்கு விட்டுவிடுங்கள். ஒரு திருட்டைக் காட்டினால் போன வருடம் அங்கே எத்தனை திருட்டு, இந்த வருடம் எத்தனை என்று பக்கத்திலேயே ஒரு எண் போடுங்கள். அந்த எண் கூடியிருந்தால் நாங்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கும், குறைந்திருந்தால் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். தீர்ப்பு வரும்வரை எல்லோரும் ‘அவர்’ஆகவே இருக்கட்டும். தவறு செய்தால், தவறு வந்த அதே நேரத்தில், அதே ஆங்கர் வாயால், அதே அளவு எழுத்தில் திருத்துங்கள், உண்மையில் என்ன நடந்தது என்ற கதையோடு சேர்த்து. இதில் எதற்கும் பெரிய செலவில்லை. எண்ணைத் தேடி எடுக்க ஒரு துணை ஆசிரியருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

இதெல்லாம் அப்பா மாதிரி வயதானவர்களுக்குத்தான், எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊடகத்தின் பாதிப்பு மற்றவர்களுக்கு அதிகம், தனக்குக் குறைவு என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் நினைப்பார்களாம். பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983-இல் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார், மூன்றாம் நபர் விளைவு என்று. கடைசியில் நான் அந்த ரிப்பேர்க்காரரையே கூப்பிட்டேன். வந்தார். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்க மூடியைக் கழற்றி, பெல்ட் அறுந்திருப்பதைக் காட்டினார். அப்பா வழக்கமாக உள்ளே போய்விடுவார். அன்று கையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. நானும் யோக்கியன் இல்லை. ஸ்க்ரூடிரைவர் எடுக்க அவர் பையைத் திறந்தபோது என் கண் தானாக அந்தப் பைக்குள் போனது. அவர் அதைப் பார்த்தார். பையை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, எனக்குத் தெரியும்படி தரையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

கிளம்பும்போது பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டார். “சார், நீங்க படிச்சவங்க. அந்த வீடியோவ எடுக்கச் சொல்லி யாருக்கு எழுதணும்?”

உங்களில் ஒருவருக்கு எழுதினேன். இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். டிஜிட்டல் பிரிவிடம் சொல்வதாகச் சொன்னார்கள். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை. இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். சற்று முன் மறுபடி போய்ப் பார்த்தேன். யூடியூபில் அந்தப் பதினான்கு வினாடி இன்னும் இருக்கிறது. சிவப்பு வட்டமும், ‘இவன்தானா’வும், கேள்விக்குறியும் அப்படியே இருக்கின்றன. பார்த்தவர்கள் எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களில் ஒருவன்